மதியம் வாடுகிறது, வேர் பழுப்பாகிறது: தண்ணீரில் வளர்க்கும் சாவிக் கீரைக்கு என்ன கேடு?

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம். தாமான் வீடு, பின்கட்டில் சிமென்டுத் தரை, பாதிக்குத் தகரக் கூரை. 40 லிட்டர் கறுப்புத் தொட்டியில் 25 லிட்டர் தண்ணீர், ஏ, பி என்று இரண்டு புட்டியாக வருகிற திரவ உரம், மீன் தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பு ஒன்று, காற்றுக்கல் ஒன்று. ஆறு சாவி. நாற்று வைத்த புதிதில் தளதளவென்று வந்தது. இப்போது மதியம் ஒரு மணிக்கெல்லாம் இலை தொங்கிவிடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. வேர் பழுப்பு, தொட்டால் வழுவழுப்பு, லேசான நாற்றமும் இருக்கிறது. ஈசி (தண்ணீரில் உரச் செறிவு) 2.2, பி.எச் (புளிப்பு அளவு) 6.8. உரம் போதவில்லையா? பெரிய பம்பு வாங்கவா? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

வெள்ளைவேர்:
தம்பி, இன்னும் உரம் ஊற்றாதீர்கள். மதியம் தொங்கி மாலையில் நிமிர்கிற இலைக்குப் பசி இல்லை; வேரால் தண்ணீர் இழுக்க முடியவில்லை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். மேல்தோல் உறையாகக் கழன்று, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்கிற வேரழுகல். தோல் கழலாமல், நாற்றமும் இல்லாமல் வெறும் பழுப்பாக இருந்தால் உரக்கறை, பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்கிற வழுவழுப்புக்கு முதலாவதுதான் பொருந்துகிறது.

காரணம் சூடு. பிற்பகல் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் விடுங்கள். கறுப்புத் தொட்டி, கீழே சிமென்டு, மேலே தகரம் என்றால் 33 டிகிரியைச் சுலபமாகத் தொடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 33 டிகிரியில் 7.2 தான். குறைவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் சூடு 10 டிகிரி ஏறினால் வேர் மூச்சுவிடுவது ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரவு குறைந்து செலவு ஏறுகிற அந்த நேரத்தில்தான் பித்தியம் வேரைப் பிடிக்கிறது. 30 டிகிரிக்கு மேல் அது செழிக்கும். எவ்வளவு பெரிய பம்பு போட்டாலும் அந்தச் சூட்டில் அந்த 7.2-ஐத் தாண்டிக் கரைக்க முடியாது. அதனால் பம்புக்குக் காசு போடாதீர்கள், பெட்டியை மாற்றுங்கள்.

பாசாரில் மீன்காரரிடம் மீன் வருகிற வெள்ளைப் போலிஸ்டரின் (தெர்மோகோல்) பெட்டி கிடைக்கும். உள்ளளவு 50-க்கு 35 சென்டிமீட்டர், ஆழம் 25 இருந்தால் நல்லது. 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 35 லிட்டர் நிற்கும். அடியில் வடிகால் ஓட்டை இருக்கும். உள்ளே தடித்த கறுப்புப் பிளாஸ்டிக்கை இரண்டு மடிப்பாக விரித்துவிட்டால் ஒழுகாது, வெளிச்சமும் போகாது, பாசி கட்டாது. வெளிப்புறம் வெள்ளையாகவே இருக்கட்டும். மூடியில் 16 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆறு ஓட்டை, வலைக் கிண்ணம் விளிம்பில் தொங்குகிற அளவுக்கு. பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், தரைச் சூடு தொடக்கூடாது. காலை வெயில் நேராகப் படட்டும், 11 மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை வேண்டும்.

இப்போது இருக்கிற செடியை மருந்து ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். இலை தேறியிருந்தால் பறித்துச் சமையுங்கள், வேரைக் குப்பையில் போடுங்கள். தொட்டி, கல், குழாய், கிண்ணம் எல்லாவற்றையும் லிட்டருக்கு 10 மில்லி குளோரோக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். நாற்று வைத்த பழைய பஞ்சு வேண்டாம், நோய் அதில்தான் தங்கும்.

சுங்கை சிப்புட் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. இப்போது பார்த்தேன், 33.5 காட்டுகிறது. தோலும் கழன்று வருகிறது. ஐஸ் போடலாமா? பம்பே இல்லாத கிராட்கி முறைக்கு மாறினால் எப்படி?

கீரைக்காரி:
ஐஸ் கணக்கைப் பாருங்கள் தம்பி. ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து 35 லிட்டருக்குள் விட்டால், முழுக்க உருகும்போது நாலு, நாலரை டிகிரி குறையும். போலிஸ்டரின் பெட்டியில் அது சில மணி நேரம் தாங்கும், கறுப்புத் தொட்டியில் வீண். வெயில் கொளுத்துகிற நாளில் 12 மணிக்கு ஒரு பாட்டில் போதும். மூடிய பாட்டிலாகவே விடுங்கள், தண்ணீர் கலந்தால் ஈசி இறங்கிவிடும்.

ஹவாயில் கிராட்கி உருவாக்கிய முறை நல்ல முறைதான். தண்ணீர் இறங்க இறங்க மேல்வேர் காற்றில் மூச்சுவிடும். நம் ஊர்ச் சூட்டுக்குக் கங்கோங் அதில் தாராளமாக வரும். சாவிக்கும் பக் சோய்க்கும் பம்பை வைத்துக்கொண்டே அந்தக் காற்றிடைவெளியையும் விடுங்கள். நாற்று வைக்கும்போது தண்ணீர் கிண்ணத்தின் அடியை ஒரு சென்டிமீட்டர் தொடட்டும். வேர் ஒரு சாண் நீண்டபின் நாலைந்து சென்டிமீட்டர் கீழே இறங்க விடுங்கள். பிறகு ஊற்றினாலும் பழைய மட்டத்துக்கு நிரப்பாதீர்கள். காற்றுக்குப் பழகிய வேர் மறுபடி மூழ்கினால் அழுகும். கரண்டு போனாலும் அந்த இடைவெளிதான் செடியைப் பிழைக்க வைக்கும்.

உரத்தில் இன்னொரு விஷயம். 2.2 இந்தச் சூட்டுக்கு அதிகம். நாற்றுக்கு 0.8 முதல் 1.0, வளர்ந்த சாவிக்கு 1.4 முதல் 1.6 போதும். தண்ணீர் குறையக் குறைய ஈசி ஏறினால் செடி உரத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் கேட்கிறது என்று பொருள்; வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். புட்டியில் லிட்டருக்கு ஏ 5 மில்லி, பி 5 மில்லி என்று போட்டிருந்தால் 35 லிட்டருக்குத் தலா 175 மில்லி. முதலில் பாதி ஊற்றி மீட்டரைப் பார்த்து ஏற்றுங்கள். ஏ-யை ஊற்றிக் கலக்கியபின்தான் பி. இரண்டையும் நேராகச் சேர்த்தால் ஏ-யில் உள்ள கால்சியம், பி-யில் உள்ள சல்பேட், பாஸ்பேட்டோடு கூடி வெள்ளையாகப் படியும். படிந்தது செடிக்குக் கிடைக்காது.

பி.எச் 5.8 முதல் 6.3 வரை நிறுத்துங்கள். 6.8-ல் இரும்புச்சத்து எட்டாமல் போய், புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இறக்க பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக. வினிகர், எலுமிச்சை வேண்டாம், கிருமிகள் அதைத் தின்றுவிடும், ஓரிரு நாளில் பி.எச் ஏறிவிடும். பி.எச் மீட்டரை 6.86, 4.01 பொடிக் கரைசலில் சரிபார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

லயத்து வீடு:
மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்க. கீழே வைத்தால் கரண்டு போன நேரம் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்பு கெடும், ஷாக்கும் அடிக்கும். முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்க.

கொசுவை மறந்துடாதீங்க. ஏடிஸ் இந்தப் பெட்டிக்குள்ளும் முட்டையிடும். பம்பு ஓடுகிற பெட்டியில் குறைவு, அசையாத கிராட்கி பெட்டியில் நிறைய. 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரி வீட்டுக்கு வந்து அபராதம் போடலாம். நாற்று இல்லாத ஓட்டையைப் பஞ்சால் அடையுங்க, மூடி விளிம்பில் இடுக்கு இருந்தால் டேப் ஒட்டுங்க. பி.டி.ஐ. என்கிற, கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாக் குருணை போட்டால் புழு சாகும், செடிக்கு ஒன்றும் ஆகாது. அபேட் என்கிற கொசுப்புழு ரசாயன மருந்தைக் கீரைத் தண்ணீரில் போடாதீங்க.

சாயங்கால மழை மூடி மேல் தேங்கி ஓட்டை வழியாக உள்ளே இறங்கினால் உரம் நீர்த்துப்போகும், மண்ணும் சேரும். பெட்டியை ஒரு பக்கம் லேசாகச் சாய்க்காமல், மேலே கண்ணாடித் தாள் போட்டுச் சரிவு கொடுங்க. வீட்டுக்குப் பின்னால் செம்பனை இருந்தால் களைக்கொல்லி அடிக்கிற காலையில் அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக்கால் மறையுங்க. சாரல் பட்டால் குருத்து வெளிறிச் சுருளும், அதைப் பார்த்து உரக் குறை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் சுருண்ட கீரையைச் சமைக்க வேண்டாம், பிடுங்கிவிடுங்க.