கிரெசிங் டெம்பிள் பார்லி களஞ்சியம்: 1137ஆ, 1205-க்குப் பிறகா?

டெம்ப்ளர்பிரியன்: இங்கிலாந்தின் எசெக்ஸில் இருக்கும் கிரெசிங் டெம்பிள் பண்ணையின் படங்களைப் போட்டு, "1137-இல் டெம்ப்ளர் துறவு வீரர்கள் கட்டிய பார்லி களஞ்சியம்" என்று எழுதியிருந்தேன். உளிமுனை வந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே "தப்பு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நிலத்தை மெட்டில்டா ராணி டெம்ப்ளர்களுக்குக் கொடுத்தது 1137-இல். நிலம் கிடைத்த பிறகு விளைச்சலைக் கொட்ட இடம் கட்டாமல் எழுபது வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?

உளிமுனை: ஏதோ ஒரு களஞ்சியம் கட்டியிருப்பார்கள். அது இன்று நிற்கிற இந்தக் களஞ்சியம் இல்லை. மரவளையக் கணக்குப்படி (மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டு வெட்டிய காலம் காண்பது) இதன் ஓக் மரங்கள் 1205-க்கும் 1235-க்கும் இடையில் வெட்டப்பட்டவை. பக்கத்தில் நிற்கும் கோதுமைக் களஞ்சியம் 1257–1280. தானப் பத்திரத்தின் தேதியைக் கட்டடத்தின் நெற்றியில் ஒட்டாதீர்கள்.

டெம்ப்ளர்பிரியன்: முப்பது வருஷ இடைவெளியை வைத்துக்கொண்டு எனக்குத் துல்லியம் சொல்லித் தருகிறீர்களா? சரி, தூண்களில் இருக்கும் காலிப் பள்ளங்களுக்கு என்ன பதில்? எதுவும் பொருந்தாமல் சும்மா இருக்கிற பள்ளங்கள். பழைய கட்டடத்தைப் பிரித்து, அந்த மரத்தை இங்கே நட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பழைய கட்டடம்தான் 1137.

உளிமுனை: அந்தப் பள்ளத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? சாய்வாகத் தாங்கும் மரத்தின் நுனியைப் பாதி கனத்துக்குச் செதுக்கி, ஓரத்தில் ஒரு குதை (கொக்கி போல மாட்டிக்கொள்ளும் வெட்டு) வெட்டி, தூணின் முகத்தில் வெட்டிய பள்ளத்தில் படியவைத்து மர ஆணி அடிப்பார்கள். குதை இருப்பதால் இழுத்தாலும் நழுவாது. இந்தக் களஞ்சியம் பிற்காலத்தில் வெகுவாக மாற்றப்பட்டது. அப்போது தாங்கு மரங்களைக் கழற்றினார்கள், பள்ளம் தங்கிவிட்டது. அதே கட்டடத்தின் சொந்தப் பள்ளம் அது.

அதை விடுங்கள். பழைய மரம் என்றே வைத்துக்கொள்வோம். 1137 கட்டடத்திலிருந்து வந்த மரம் 1137-க்கு முன்போ, அந்தச் சமயத்திலோ வெட்டப்பட்டிருக்க வேண்டும். 1205-க்குப் பிறகு வெட்டிய மரம் அதில் எப்படி இருந்திருக்கும்?

மரவளையம்: அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று யாராவது சொல்லுங்கள் என்று காத்திருந்தேன். ஓக்கில் நடுவில் வைரம் (கெட்டியான உள்மரம்), வெளியே வெளிறு (மென்மையான வெளிமரம்). பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வரை மிஞ்சியிருந்தால் வெட்டிய வருஷத்தையே சொல்லிவிடலாம். வெளிறைத் தச்சர் செதுக்கியோ பூச்சி அரித்தோ போயிருந்தால், எத்தனை வளையம் போயிருக்கும் என்று மதிப்பிட்டு ஒரு வரம்பைத்தான் தர முடியும். அப்புறம், அந்தக் காலத்தில் ஓக்கைக் காயவைத்துக் காத்திருக்கமாட்டார்கள், பச்சையாகவே இழைத்துப் பொருத்துவார்கள். அதனால் வெட்டிய காலமும் கட்டிய காலமும் அநேகமாக ஒன்றுதான்.

டெம்ப்ளர்பிரியன்: "மதிப்பிட்டு". நன்றி. அதைத்தான் நானும் சொல்கிறேன். பள்ளம் கண்ணால் பார்க்கக்கூடியது, உங்களுடையது மதிப்பீடு.

பிரெயின்ட்ரீவாசி: 1381 குடியானவர் கலகத்தில் இந்தப் பண்ணையைச் சூறையாடினார்களே! அப்போது இது டெம்ப்ளர் கையிலேயே இல்லை, இன்னொரு துறவு வீரர் சபையான ஹாஸ்பிட்டலர் சபையின் கையில் இருந்தது. அந்தச் சபைத் தலைவர் ஹேல்ஸ்தான் அரசரின் பொருளாளர், வரிக் கோபம் முழுக்க அவர் மேல். லண்டனில் தலையையே வெட்டினார்கள். அப்படிப்பட்ட கூட்டம் களஞ்சியத்தை மட்டும் விட்டுவைத்திருக்குமா?

உளிமுனை: விட்டுவைத்தது என்று மரமே சொல்கிறது. 1381-இல் எரிந்திருந்தால் 13ஆம் நூற்றாண்டு மரம் அங்கே எப்படி நிற்கும்? நீங்கள் இருவரும் முதலில் உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் 1137 என்கிறார், இன்னொருவர் 1381-க்குப் பிறகு என்கிறார். இரண்டையும் நான் ஒருவனே மறுக்க வேண்டியிருக்கிறது.

பழைய மரக் கட்டடங்களை ஆராய்ந்த செசில் ஹியூவெட், மரங்கள் இணையும் மூட்டுகளை மட்டும் பார்த்தே இந்தக் களஞ்சியங்களுக்கு 13ஆம் நூற்றாண்டு வாக்கில் காலம் சொன்னார். பலரும் நம்பவில்லை. பிறகு வந்த மரவளையக் கணக்கு அவர் பக்கம்தான் நின்றது. ஒரு தச்சு மூட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பத்திரம் தேவையில்லை.

பிரெயின்ட்ரீவாசி: ஆரம்பித்துவிட்டார். கிரேட் காக்ஸ்வெல் பேச்சிலும் இப்படித்தான். மூட்டையும் அமைப்பையும் பார்த்து 13ஆம் நூற்றாண்டின் நடு என்று சொல்லிக்கொண்டிருந்த களஞ்சியம் அது. மரவளையம் 1292 வாக்கில் என்றது. மூட்டு படித்தவர்கள் அங்கே எங்கே போனார்கள்?

உளிமுனை: காக்ஸ்வெல் கல்சுவர்க் களஞ்சியம். அதை இங்கே இழுப்பது, அன்று நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதற்காக.

பிரெயின்ட்ரீவாசி: கூரை மரம் கல்லா?

மரவளையம்: கூரையைத் தாங்கும் தூண்களும் ஓக்தான். ஆனால் அதற்கும் கிரெசிங்குக்கும் என்ன சம்பந்தம்?

டெம்ப்ளர்பிரியன்: எல்லாரும் காக்ஸ்வெல்லுக்குப் போய்விட்டீர்கள். என் பள்ளம் அப்படியே இருக்கிறது.

உளிமுனை: மேலே எழுதியிருக்கிறேன், போய்ப் படியுங்கள். படத்தின் கீழே இருக்கும் 1137-ஐ மாற்றும்வரை நானும் எழுதிக்கொண்டே இருப்பேன்.

டெம்ப்ளர்பிரியன்: மாற்றமாட்டேன். அடுத்த தடவை பள்ளத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுகிறேன், அப்போது பேசலாம்.

உளிமுனை: எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று குறித்துப் போடுங்கள். போன தடவை போட்ட படத்தில் இருந்தது கோதுமைக் களஞ்சியம்.