மாயமும் மர்மமும் சேர்ந்த நாவல் சொல்லுங்களேன்

பெங்களூர்த் தோழர்களே, மூன்று நாவல் வாங்கி நண்பருக்குப் பரிசளிக்க வேண்டும். கணேஷ்–வசந்த், அகதா கிறிஸ்டி எல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது மாயக்கதை கேட்கிறார். நேரே பெரிய தொடரில் இறக்கினால் பாதியில் வைத்துவிடுவார். முதல் 50 பக்கமும் வம்சாவளியும் வரைபடமுமாகப் போனால் துப்பறியும் வாசகருக்குப் பிடி கிடைக்காது.

இரண்டு முடிவாகிவிட்டன. டெர்ரி பிராட்செட்டின் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!', 1989: 'டிஸ்க்வேர்ல்ட்' என்ற மாயக்கதைத் தொடரில் எட்டாவது, ஆனால் அதில் வரும் காவல்படைக் கதைகளில் முதல், தனியாகவே படிக்கலாம். பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', 2011: கொலை நடந்த இடத்தில் காவல் நிற்கும் கான்ஸ்டபிளிடம் சாட்சி சொல்ல வருவது ஓர் ஆவி. அருமையான தொடக்கம்!

மூன்றாவது தமிழில் வேண்டும். ஒரே நிபந்தனைதான் முக்கியம்: மந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்பது துப்பு துலங்குவதற்கு முன்பே வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் புது மந்திரம் முளைத்தால் அதுவரை சேர்த்த தடயமெல்லாம் வீண். 300 பக்கத்துக்குள், ஒரே பாகமாக இருந்தால் நல்லது.

பெயரோடு பதிப்பகமும் சொல்லுங்கள். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் பார்த்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.