‘கோதுமையை விட்டேன், எல்லாம் சரியாச்சு’: டெஸ்ட் எடுக்காம இப்படிச் சொல்லலாமா?

வேலூர்_லேப் (திரி தொடங்கியவர்)
நேத்து கோவை_சுமதி போட்ட பதிவைப் படிச்சதுலேருந்து மனசு ஆறல. அவங்க எழுதினது இதுதான்: "நாலு வருஷமா உடம்பு வலி, உப்புசம், அசதி. எந்த டெஸ்ட்லயும் ஒண்ணும் வரல. ஆறு மாசமா குளூட்டன் ஒரு துளி சேர்க்கல, எல்லாம் போச்சு. நீங்களும் டெஸ்டுக்குக் காசைக் கொட்டாம கோதுமையை நிறுத்துங்க."

நான் 17 வருஷமா லேப்ல இருக்கேன். இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு மூணு மாசம் சப்பாத்தியை நிறுத்திட்டு வந்து டிடிஜி டெஸ்டுக்குக் கையை நீட்டறாங்க. கோதுமையில இருக்கற குளூட்டன்ங்கற புரதம் சிறுகுடலைக் கெடுக்கற சீலியாக் நோய் இருக்கான்னு, ரத்தத்துல ஒரு ஆன்டிபாடியை வெச்சுப் பார்க்கற டெஸ்ட் அது. கோதுமையை விட்டவங்க ரத்தத்துல அந்த ஆன்டிபாடி இறங்கிடும். நோய் இருந்தாலும் ரிப்போர்ட் நெகட்டிவ்னு வரலாம். "ஆறேழு வாரம் கோதுமை சாப்பிட்டுட்டு மறுபடி வாங்க"ன்னு டாக்டர் சொன்னா அதோட ஆளையே காணோம்.

அது என்ன "ஒரு துளி சேர்க்கல"? வீட்ல சாம்பார், ரசம் வைக்கறீங்கல்ல? பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிச்சீங்களா? கூட்டுப் பெருங்காயத்துல பெருங்காயம் கொஞ்சம்தான். மீதி பிசினும் மாவும். நிறைய டப்பாவுல அந்த மாவு கோதுமை மாவு.

கோவை_சுமதி
என் பேரைப் போட்டே திரி தொடங்கிட்டீங்க, நல்லது. நான் என்ன பட்டேன்னு கேட்டுட்டு அப்புறம் டப்பாவைத் திருப்புங்க சார்.

காலையில எழுந்தா விரல் மடங்காது. தோசைத் திருப்பியைப் பிடிக்க முடியாம ரெண்டு தடவை கீழ போட்டிருக்கேன். சாயங்காலம் நாலு மணிக்குள்ள வயிறு ஊதி, கட்டின புடவையைத் தளர்த்திக் கட்டணும். மாசத்துக்கு ரெண்டு தடவை வாய்ப்புண். தைராய்டு நார்மல், பி12 நார்மல், சர்க்கரை இல்ல, ஸ்கேன் நார்மல். கடைசியா பார்த்த டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காம என் வீட்டுக்காரர்கிட்ட "மேடத்துக்கு மனசுதான்"னு சொல்லி தூக்க மாத்திரை எழுதினார். இப்ப தூக்க மாத்திரையும் இல்ல, வலியும் இல்ல. ரசத்துல போடற ஒரு சிட்டிகை பெருங்காயத்தை வெச்சு இதைப் பொய்யாக்கப் பார்க்கறீங்களா?

வேலூர்_லேப்
பொய்னு நான் சொல்லல. வலி உண்மை. காரணம்தான் தப்பு. பெருங்காயம் வழியா தினம் கோதுமை உள்ள போயிட்டிருக்கு, நீங்க நல்லா இருக்கீங்க. அப்ப குளூட்டன் எப்படிக் காரணமாகும்? டப்பாவைத் திருப்பிப் படிச்சீங்களா, இல்லையா? ஒரு வார்த்தையில பதில் சொல்லுங்க.

நொய்டா_அம்மா
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணுக்குச் சீலியாக். ஆறு வயசுல கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. ரெண்டு வருஷம் இரும்புச்சத்து டானிக் குடுத்தும் ஹீமோகுளோபின் ஏறல. எண்டோஸ்கோப்பில சிறுகுடல்லேருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தப்பதான் சத்தை உறிஞ்சற குட்டி விரல் மாதிரியான குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போயிருந்தது தெரிஞ்சது.

சுமதி, "ஒரு சிட்டிகைதானே"ன்னு மட்டும் எழுதாதீங்கம்மா. என் வீட்ல அப்பளக் குழவிகூட அவளுக்குத் தனி. சாம்பார் பொடியை மில்லுல குடுத்து அரைக்கறதில்ல. முன்னாடி யாராவது கோதுமை அரைச்சிருப்பாங்க. பெருங்காயம் அரிசி மாவு கலந்ததுதான் வாங்கறேன்.

வேலூர்_லேப்
கேட்டுக்கோங்க! அனுபவப்பட்ட தாய் சொல்றாங்க. பெருங்காயம் பெருங்காயம்தான்.

நொய்டா_அம்மா
சார், நான் உங்களுக்கு ஆதரவா எழுதல. எனக்கும் ரெண்டு வருஷம் "சரியா ஊட்டல, அதான் இளைச்சிருக்கா"ன்னுதான் சொன்னாங்க.

மதுரை_பாண்டியன்
எங்க தாத்தா காலத்துல இந்தக் குளூட்டனே இல்லயே. ராத்திரி பதினோரு மணிக்கு கொத்து பரோட்டா சாப்பிட்டு மறுநாள் காளவாசல்ல மூட்டை தூக்கினாங்க. உடம்பு வளையலைன்னா ஊருக்குள்ள நோய்க்கா பஞ்சம்!

கோவை_சுமதி
பாண்டியன் அண்ணா, காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பத்து மணி வரைக்கும் என் சமையல்கட்டுல நின்னு பாருங்க, யார் உடம்பு வளையுதுன்னு தெரியும்.

வேலூர் சார், கணக்குக்கு வருவோம். நாலு பேர் சாம்பாருக்கு நான் போடறது கால் கிராம் இருக்குமா? அதுல பாதி மாவுன்னே வெச்சுக்கோங்க, 125 மில்லிகிராம். மாவுல பத்துல ஒரு பங்கு குளூட்டன்னா 12 மில்லிகிராம் சொச்சம். நாலு பேருக்குப் பிரிச்சா எனக்கு வர்றது 3 மில்லிகிராம். சீலியாக் உள்ளவங்களுக்கே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரைக்கும் பெரும்பாலும் தாங்கும்ங்கறாங்க. நான் பிகாம். கணக்கு எனக்கும் வரும்.

வேலூர்_லேப்
சாம்பாருக்கு 3. ரசத்துக்கு? மோர் தாளிக்க? ஊறுகாய்? கூட்டிப் பாருங்க. நீங்களே 3 மில்லிகிராம்னு ஒத்துக்கிட்டீங்க. அப்ப "ஒரு துளி சேர்க்கல"ன்னு எழுதினது பொய்தானே?

இன்னொண்ணு. 2016ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. வடக்கே, வடகிழக்கே, தெற்கே எங்க வேலூர்ப் பக்கம், மொத்தம் 23,331 பேரைப் பார்த்தாங்க. சீலியாக் வடக்கே ஆயிரத்துக்கு எட்டரைப் பேர். தெற்கே 0.11. பத்தாயிரத்துல ஒருத்தர்! அந்த ஒருத்தர் நீங்கதானா?

கோவை_சுமதி
எனக்குச் சீலியாக்னு நான் எங்க சொன்னேன்? காட்டுங்க.

அதே ஆய்வுல தெற்கே ஒரு நாளைக்கு 25 கிராம் கோதுமைதான் சாப்பிடறாங்கன்னு போட்டிருக்கே, அதை ஏன் விட்டுட்டீங்க? மாமனாருக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷமா எங்க வீட்ல ராத்திரி சப்பாத்திதான். காலையில ரவா உப்புமா, சேமியா. நாலு மணிக்கு டீயோட பிஸ்கட். ரவை கோதுமைன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்க வீடு தெற்குல இருக்கு, அடுப்பு வடக்குலதான் எரிஞ்சது.

மரபுவழி_உழவன்
தங்கை சுமதிக்கு வணக்கம். குற்றம் கோதுமையில் இல்லை, கலப்பின விதையில் இருக்கிறது. நம் சம்பா கோதுமையில் குளூட்டன் கிடையாது. நம்பி உண்ணலாம்.

வேலூர்_லேப்
வந்துட்டாருய்யா! சம்பா கோதுமையிலயும் குளூட்டன் உண்டு. கோதுமைன்னாலே உண்டு, பார்லியிலயும் உண்டு. போன வருஷம் தைராய்டு திரியில கொத்தமல்லித் தண்ணி குடிச்சா மாத்திரை வேணாம்னு எழுதினவர்தானே நீங்க?

மரபுவழி_உழவன்
அந்தத் திரியில் என்னை "அரைவேக்காடு" என்றவர் தாங்கள். இன்னும் மன்னிப்பு வரவில்லை. ஊசி குத்துபவர்களுக்கு மண்ணின் அருமை தெரியாது.

வேலூர்_லேப்
ஊசி குத்தித்தான் 17 வருஷமா என் வீட்ல உலை கொதிக்குது. அரைவேக்காடுன்னு அன்னைக்குச் சொன்னது இன்னைக்கும் சரிதான்.

நொய்டா_அம்மா
உழவன் ஐயா, அந்த வரியைத் தயவு செஞ்சு அழிச்சிடுங்க. சீலியாக் குழந்தையோட அம்மா யாராவது நம்பிக் குடுத்துட்டா என்ன ஆகும்?

மருத்துவ_மாணவி
ஒரு விளக்கம். சீலியாக், கோதுமை அலர்ஜி, சீலியாக்கும் அலர்ஜியும் இல்லாமலே கோதுமை ஒத்துக்காம போறது, மூணும் வேற வேற. எதைப் பத்திப் பேசறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டா பாதிச் சண்டை தீரும். கோதுமையில குளூட்டன் மட்டுமில்ல, ஃப்ரக்டான்னு ஒரு மாவுச்சத்தும் இருக்கு. 2018ல நார்வேயில, குளூட்டன் ஒத்துக்கலைன்னு சொன்ன 59 பேருக்குக் குளூட்டனையும் ஃப்ரக்டானையும் எது எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திக் குடுத்தாங்க. ஃப்ரக்டான் சாப்பிட்ட வாரத்துலதான் தொந்தரவு கூடுச்சு. வெங்காயம், பூண்டுலயும் அது இருக்கு.

வேலூர்_லேப்
சுமதி மேடம் தினம் சின்ன வெங்காய சாம்பார் வைக்கறவங்க. கூடவே பெருங்காயமும் போகுது. என் கேள்வி அப்படியே நிக்குது.

கோவை_சுமதி
உங்க கேள்வி நிக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். ரொட்டிதான் குழந்தைகளுக்கு ஆகலைன்னு டிக்கேங்கற டச்சு டாக்டருக்கு எப்படி உறுதியாச்சு? 1944-45 பஞ்சத்துல ரொட்டி கிடைக்கல, நோஞ்சான் குழந்தைகள் தேறுச்சு. டிடிஜி டெஸ்ட் எடுத்தா கண்டுபிடிச்சார்? நிறுத்திப் பார்த்துத்தான் உலகத்துக்கே தெரிஞ்சது.

வேலூர்_லேப்
பாதியை விட்டுட்டீங்களே. ரொட்டி திரும்ப வந்ததும் அதே குழந்தைகள் படுத்துச்சு. அதையும் பார்த்தப்புறம்தான் அவர் உறுதியாச் சொன்னார். நீங்க திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தீங்களா?

கோவை_சுமதி
பார்த்தேன். தை மாசம் நாத்தனார் பொண்ணு கல்யாணத்துல மறுக்க முடியாம ரெண்டு பூரி. மறுநாள் விரல் மடங்கல. மூணு நாள் படுக்கை.

வேலூர்_லேப்
கல்யாண வீட்டு எண்ணெய், தூக்கமில்ல, அலைச்சல். பூரி மேல மட்டும் ஏன் பழி? அதுக்கு முந்தின நாள் வீட்ல ரசம் சாப்பிட்டிருப்பீங்கல்ல, பெருங்காயத்தோட? அன்னைக்கு ஏன் விரல் மடங்குச்சு?

மதுரை_பாண்டியன்
வேலூரு, நீ பெருங்காயக் கம்பெனியில ஏதும் கடன் வாங்கியிருக்கியா?

கோவை_சுமதி
எழுந்து போய் டப்பாவை எடுத்துப் பார்த்துட்டேன். படமும் போட்டிருக்கேன். "அரிசி மாவு, பிசின், பெருங்காயம்." கோதுமை இல்ல. போதுமா?

வேலூர்_லேப்
புது டப்பா மாதிரி இருக்கே. மூடியில சீல்கூடக் கிழியல. ஆறு மாசமா இதேதானா? அடிப்பக்கம் தேதி தெரியற மாதிரி இன்னொரு படம் போடுங்க.

கோவை_சுமதி
பழசு தீர்ந்து போன வாரம் வாங்கினது. பழசும் இதே கம்பெனிதான். உங்களுக்கு ரசீது வேற காட்டணுமா? நாலு வருஷம் டாக்டர்கள்கிட்ட ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சு நிரூபிச்சது போதும் எனக்கு.

நொய்டா_அம்மா
சுமதி, ஒரே ஒரு டிடிஜி மட்டும் எடுத்துடுங்கம்மா. கூடவே மொத்த ஐஜிஏங்கற ஆன்டிபாடி அளவையும் பார்க்கச் சொல்லுங்க, அது குறைவா இருந்தா டிடிஜி ஏமாத்திடும். எடுக்கறதுக்கு முன்னாடி கோதுமை சாப்பிட்டாகணும், அதுதான் கஷ்டம்.

கோவை_சுமதி
அக்கா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா ஆறேழு வாரம் அந்த வலியை நானே கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டேன்.

வேலூர்_லேப்
அப்ப தெரியாதுன்னு எழுதுங்க. "எல்லாரும் நிறுத்துங்க"ன்னு எழுதாதீங்க. பழைய டப்பா குப்பையில இருக்கும்ல?