எச்பிஎல்சி (கலவையைப் பிரிச்சு அளக்குற மெஷின்) பிரஷர் ஆடிக்கிட்டே இருக்கு, அவசரம்

குடுவை22: பிரஷர் 60க்கும் 130க்கும் நடுவுல ஆடுது. பர்ஜ் பண்ணியாச்சு (வேகமா ஓட்டி லைன்ல இருக்குற காத்தை வெளியேத்தியாச்சு), அப்படியேதான் இருக்கு. இன்னைக்குள்ள 40 சாம்பிள் போடணும். உதவுங்க.

சோடியம்: பிரஷர் யூனிட் பாரா, பிஎஸ்ஐயா? மொபைல் ஃபேஸ் (ஓட்டுற கரைசல்) என்ன? ஃப்ளோ எவ்வளவு?

நீலக்குமிழி: ஏர் பபிள்தான், வேற எதுவுமில்ல. பர்ஜ் வால்வைத் திறந்து ஐசோபுரோபனால் நிமிஷத்துக்கு 5 மி.லி., பத்து நிமிஷம் விடுங்க.

பழைய பிப்பெட்: பஃபர் (பிஎச் மாறாம வைக்குற உப்புக் கரைசல்) இருந்த லைன்ல நேரா ஐசோபுரோபனாலா? உப்பு படிஞ்சு பம்ப் சீலும் போயிடும். முதல்ல தண்ணி. பம்ப் பைனரியா (ரெண்டு கரைசல்) குவாட்டர்னரியா (நாலு கரைசல்)ன்னே தெரியாம ஆளாளுக்கு ஜோசியம் பாக்குறீங்க. இதையெல்லாம் முதல் போஸ்ட்லயே எழுதணும்னு எத்தனை தடவைதான் சொல்றது.

குடுவை22: பார்தான். பைனரி. ஏ பாஸ்பேட் பஃபர், பி அசிட்டோநைட்ரைல். கலவையைப் பிரிக்குற குழாய் (காலம்) சி18, 250 x 4.6 மி.மீ., ஃப்ளோ நிமிஷத்துக்கு 1 மி.லி.

சோடியம்: அப்போ ஈஸி. சி18 குழாயைக் கழட்டிட்டு அதுக்குப் பதிலா ரெஸ்ட்ரிக்டர் கேப்பிலரி (ஓட்டத்தைத் தடுக்குற மெல்லிய குழாய்) போடுங்க, பேக் பிரஷர் இல்லேன்னா செக் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வ்) சரியா மூடாது. ரெண்டு லைனையும் தண்ணியால கழுவுங்க. ஏ மட்டும் தண்ணியில ஓட்டுங்க, அப்புறம் பி மட்டும் அசிட்டோநைட்ரைல்ல. பி மட்டும் ஆடினா அந்தப் பக்கத்து இன்லெட் செக் வால்வ். அசிட்டோநைட்ரைல்ல வால்வுக்குள்ள இருக்குற ரூபி உருண்டை அதோட சீட்டுல ஒட்டிக்கும். வால்வைக் கழட்டி மெத்தனால்ல 15 நிமிஷம் சோனிகேட் (அல்ட்ராசவுண்ட் கழுவல்) பண்ணுங்க. திருப்பி மாட்டும்போது அம்புக்குறி மேல பாக்கணும்.

வடிதாள்: கழட்டுறதுக்கு முன்னாடி பாட்டில் ஃபில்டரை எடுத்துட்டு வெறும் டியூபை விட்டுப் பாருங்க. பிரஷர் நின்னா ஃபில்டர்தான் அடைச்சிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை.

நீலக்குமிழி: பியில 5% தண்ணி கலந்துட்டா உருண்டை ஒட்டுறது குறையும்.

பழைய பிப்பெட்: கலக்கலாம். ஆனா பியில அசிட்டோநைட்ரைல் அப்போ 95% தான், கிரேடியன்ட் டேபிள் (ஏ, பி விகிதம் நேரத்துக்கு நேரம் மாறுற பட்டியல்) முழுக்க மாத்திக் கணக்குப் போடணும். வேலிடேட் பண்ண (சோதிச்சு ஒப்புதல் வாங்கின) மெத்தட்னா க்யூஏ (தர உறுதிப் பிரிவு) சும்மா விடுமா?

நீலக்குமிழி: 5%க்கு எதுக்கு க்யூஏ?

பழைய பிப்பெட்: கிரிட்டிக்கல் பீக் ரெசல்யூஷன் (பக்கத்துப் பீக்குகள் பிரியுற அளவு) 1.5ஐ ஒட்டி இருந்தா அந்த 5%லயே போயிடும்.

நீலக்குமிழி: எல்லா மெத்தடும் அப்படி இல்ல சார். ஐசோக்ராட்டிக்கா (விகிதம் மாறாம) இருந்தா கணக்கு ஒரே வரி.

வடிதாள்: இதுக்குத் தனி இழை போடுங்கப்பா. கேட்டவர் எங்க?

குடுவை22: பி இன்லெட் வால்வ்தான். சோனிகேட் பண்ணதும் 112ல நிக்குது, ஆட்டம் 1 பார்தான். ரன் போட்டாச்சு, நன்றி.

சோடியம்: ஸ்பேர் வால்வ் ஒண்ணு ஆர்டர் போட்டு வைங்க. ஒரு தடவை ஒட்டினது மறுபடியும் ஒட்டும்.