வாடல் தட்டில் உங்களை ஏமாற்றிய செடி எது? பீன்ஸ் எதிர்ப்பு ரக அனுபவங்கள்

விதைப்பெட்டி:

பீன்ஸில் ப்யூசேரியம் பூசணத்தால் வரும் வாடல் நோய்க்கு எதிர்ப்பு தேடும் தட்டு. எப்2 நாற்றுகள் (கலப்பின் இரண்டாம் தலைமுறை), வேர் முக்கு முறை (வேரைப் பூசண ஸ்போர், அதாவது வித்து, கரைசலில் முக்குவது), 21-ஆம் நாள் நோய் மதிப்பெண். வழக்கமான சோதனைதான். தட்டில் முக்கால்வாசி பச்சை, கால்வாசி மஞ்சள். ஒற்றை ஓங்கு மரபணு என்று குறிப்பேட்டில் எழுதிவிடலாம் போல அவ்வளவு அழகான விகிதம்.

ஆனால் ஓரத்து வரிசையில், கட்டாயம் சாக வேண்டிய செக் ரகம் (ஒப்பிட்டுப் பார்க்க நடும் ரகம்) கரும்பச்சையாக நிற்கிறது. அதை நிலமட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேர். நீர்க்குழாய் வளையத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லை. அடுத்து மஞ்சளான எப்2 செடியை வெட்டினால் அதுவும் வெள்ளை! மஞ்சள், பிடுங்கி நட்ட அதிர்ச்சியில் வந்தது. பூசணம் எந்தச் செடிக்குள்ளும் போகவே இல்லை. மொத்தத் தட்டும் குப்பைக்கு.

காரணம் பூசண வளர்ப்புதான். பிடிஏ (பூசணம் வளர்க்கும் உருளைக்கிழங்குக் கூழ்) தட்டிலிருந்து பிடிஏ தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தால் ப்யூசேரியம் ஆக்ஸிஸ்போரம் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பொங்கும், வீரியம் போய்விடும். நோயுற்ற தண்டிலிருந்து எடுத்ததும் ஒற்றை ஸ்போரிலிருந்து வளர்த்து, மலட்டு வடிதாள் துண்டுகளில் படரவிட்டு, உலர்த்தி, குளிரில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அந்தத் தாளில் ஒரு துண்டு மட்டும். ஏற்கெனவே சோர்ந்துபோன வளர்ப்பு என்றால் செக் செடிக்குள் ஒருமுறை செலுத்தி மீண்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் அதை விட்டுவிட்டுப் புதிதாக வயலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கொத்தவரை:

செக் சாகாத தட்டை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். எல்லாம் செத்த தட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பெரிய விதை ஆண்டியத் தாய் (தென் அமெரிக்க ஆண்டிஸ் மலை வழி), சிறிய விதை மெசோ அமெரிக்கத் தந்தை (மெக்சிகோ, மத்திய அமெரிக்க வழி). தந்தை நல்ல எதிர்ப்பு ரகம். எப்1 (கலப்பின் முதல் தலைமுறை) முழுவதும் குட்டை, இலை சுருங்கி மஞ்சள். "எதிர்ப்பு ஒடுங்கு மரபணு போலிருக்கிறது" என்று சோதித்தவர்கள் முடிவெழுதத் தயாராகிவிட்டார்கள். செடியைப் பிடுங்கினால் மண்ணுக்கு மேலே, விதையிலைக்குக் கீழுள்ள தண்டில் புதிதாக வேர் முளைத்துத் தொங்குகிறது. வாடல் நோயில் இது வராது. பூசணமே தொடாமல் வெறும் தண்ணீரில் முக்கிய எப்1 செடிகளும் அச்சு அசல் அதே கோலத்தில் இருந்தன.

இது டிஎல்1, டிஎல்2 என்ற இரு மரபணுக்களின் சிக்கல். ஒன்று பெரும்பாலும் மெசோ அமெரிக்கப் பக்கம், மற்றது ஆண்டியப் பக்கம். தனித்தனியாக இருக்கும்வரை தொந்தரவில்லை. இரண்டும் ஒரே எப்1-இல் சேர்ந்தால் குட்டையாகித் தேயும், வெப்பம் கூடினால் இன்னும் மோசம். வழி: இரண்டுமே இல்லாத ஒரு ரகத்தைப் பாலமாக வைத்து, முதலில் எதிர்ப்பை அதற்குள் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து ஆண்டியத் தாய்க்கு மாற்ற வேண்டும். ஒரு பருவம் கூடுதலாகும், வேறு வழியில்லை.

மண்வெட்டி:

விதைப்பெட்டி அண்ணே, எல்லாப் பழியையும் வளர்ப்பின் தலையில் போடுகிறீர்கள். நான் பார்த்தவரை, செக் தப்பிப்பதற்கு முக்குகிற ஆள்தான் பாதிக் காரணம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் முழு முறையையும் எழுதிவிடுகிறேன். எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று தெரியட்டும்.

ஆவியில் வேகவைத்த மணலில் விதையுங்கள். தோட்ட மண் வேண்டாம், பிடுங்கும்போது வேர் அறுந்து ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு அளவுக் காயமாகும். 8 முதல் 10 நாளில் முதல் ஜோடி இலை விரிந்திருக்கும். அப்போது பிடுங்கி, ஓடும் நீரில் கழுவி, வேரின் நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியுங்கள். உடனே 5 நிமிடம் ஸ்போர் கரைசலில். வெட்டிய வேர் காற்றில் காயக் காயப் பூசணம் நுழைவது குறையும். மேசையில் நாற்றைப் பரப்பிவைத்துவிட்டு டீ குடிக்கப் போவதெல்லாம் வேண்டாம்.

கரைசல் மில்லிக்கு 10 லட்சம் ஸ்போர். 7 முதல் 14 நாள் வயதுத் தட்டில் மலட்டு நீர் ஊற்றிச் சுரண்டி, மெல்லிய துணியில் வடிகட்டி, ஹீமோசைட்டோமீட்டரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) எண்ணுங்கள். நடுவிலுள்ள 25 கட்டம், அதாவது 1 சதுர மி.மீ., அதில் மொத்தம் 100 ஸ்போர் இருந்தால் மில்லிக்குச் சரியாக 10 லட்சம். 300 இருந்தால் மூன்று மடங்காக நீர்க்க வேண்டும். அடுத்தது யாரும் செய்யாத வேலை: ஒவ்வொரு கட்டு நாற்றை முக்குவதற்கு முன்னும் கிண்ணத்தைக் கலக்குவது. ஸ்போர் அடியில் படியும். முதலில் முக்கிய வரிசைக்கு ஒரு அளவு, கடைசி வரிசைக்கு வேறு அளவு என்றாகிவிட்டால் அந்த வித்தியாசத்தை மரபணு என்று எழுதுவீர்கள்.

ஒவ்வொரு தட்டிலும் மூன்று சாட்சிகள் இருக்க வேண்டும். சாகிற செக், தாங்குகிற செக், வேர் வெட்டி வெறும் நீரில் முக்கிய செக். மூன்றாவதைத்தான் இடம் போதவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். விதைப்பெட்டி சொன்ன அந்த மஞ்சளை அது ஒன்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

வெப்பநிலை 20 முதல் 28 டிகிரிக்குள். குளிர்ந்த கொட்டகை என்றால் 21-ஆம் நாளோடு நிறுத்தாமல் 28-ஆம் நாளும் மதிப்பெண் போடுங்கள். அளவுகோல் கொலம்பியாவில் உள்ள சியாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 1 முதல் 9: அறிகுறியே இல்லாவிட்டால் 1, இலைகளில் பத்திலொரு பங்கு லேசாக மஞ்சளித்தால் 3, கால்வாசி 5, பாதி வாடிச் செடியும் குறுகினால் 7, முக்கால்வாசிக்கு மேல் போனால் அல்லது செத்தால் 9. மூன்று வரை எதிர்ப்பு. 4 முதல் 6 வரை வந்தவற்றை அவசரப்பட்டு எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள்.

பசலைக்கீரை:

மண்வெட்டி எழுதியதில் ஒரு இடம் ஒத்துக்கொள்ள முடியாது. இலையை மட்டும் பார்த்து 1 என்று போடுவது ஆபத்து. இலை 1, தண்டை வெட்டினால் செம்பழுப்பு வளையம் மூன்றாம் கணு வரை ஏறியிருக்கும் செடியைப் பார்த்திருக்கிறேன். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் அது 7. உண்மையான எதிர்ப்பு ரகத்திலும் பழுப்பு வரும், ஆனால் அடித்தண்டோடு நிற்கும். குழாயைச் செடியே பசை வைத்து அடைத்துவிடுகிறது, பூசணம் மேலே ஏற முடியாது. ஆகவே இலைக்கு ஒரு மதிப்பெண், தண்டுப் பழுப்பின் உயரத்துக்கு ஒரு மதிப்பெண், இரண்டு பத்தி.

மண்வெட்டி:

வெட்டிவிட்டால் விதைக்கு எங்கே போவது?

பசலைக்கீரை:

எப்2 ஒற்றைச் செடியை ஏன் சோதிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வியே. எப்2-ஐ நோயில்லாத மண்ணில் வளர்த்து ஒவ்வொரு செடியின் விதையையும் தனி உறையில் எடுங்கள். அந்த எப்3 குடும்பங்களில் (ஒரு உறை ஒரு குடும்பம்) சில நாற்றுகளை முக்குங்கள், வெட்டுங்கள், எரியுங்கள். மீதி விதை உறையில் பத்திரமாக இருக்கும்.

குடும்பத்துக்கு எத்தனை நாற்று என்பதில்தான் கஞ்சத்தனம் நடக்கும். எதிர்ப்பு ஓங்கு என்றால், பிரியும் குடும்பத்தில் (தாங்குவதும் சாவதும் கலந்து வரும் குடும்பம்) நாலில் ஒன்று சாக வேண்டும். ஐந்து நாற்று போட்டு ஐந்தும் பிழைத்தால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. பிரியும் குடும்பத்திலேயே நாலில் ஒரு தடவை அப்படி ஐந்தும் பிழைத்துவிடும் (முக்காலை ஐந்து முறை பெருக்கினால் 0.24). 11 நாற்று போட்டால் அந்த ஏமாற்று வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், 17 போட்டால் 1 சதவீதத்துக்குக் கீழே. அப்புறம் குடும்பங்கள் 1:2:1 என்று (எல்லாம் தாங்குவது, பிரிவது, எல்லாம் சாவது) பிரிகிறதா பாருங்கள். 3:1-ஐ விட இது கறாரான சோதனை. தப்பிப் பிழைத்த ஒற்றைச் செடி 3:1-இல் ஒளிந்துகொள்ளும், 17 நாற்றுள்ள குடும்பத்தில் ஒளிய இடமில்லை.

மலைச்சரிவு:

தட்டை விட்டு வயலுக்கு வாருங்கள். ருவாண்டாவின் உமுபானோ என்ற பீன்ஸ் ரகத்தின் கதை தெரியும்தானே, விதை வங்கி எண் ஜி2333. மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியின் நாட்டு ரகம், கொடிவகை. ஆந்த்ராக்னோஸுக்கு (இன்னொரு பூசண நோய்) ஒன்றுக்கு மூன்று எதிர்ப்பு மரபணு ஒரே ரகத்தில். குத்துச்செடியைவிட விளைச்சல் பல மடங்கு என்பதால் 1980-களில் மலைச்சரிவெங்கும் கொம்பு நட்டு ஏற்றினார்கள். ஆந்த்ராக்னோஸ் ஒன்றும் செய்யவில்லை. ப்யூசேரியம் வாடல் சாய்த்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஏறிய கொடி, உச்சியில் காய், அடி இலைகள் மஞ்சள், சில கொடிகளில் ஒரு பக்கம் மட்டும்.

அங்கே எதிர்ப்பு கிடைத்தது வுனின்கிங்கி, அதாவது ஜி685, போன்ற கொடி ரகங்களில். அதுவும் ஒற்றை ஓங்கு மரபணு என்று 2000-இல் வெளியான ஆய்வு சொன்னது. கொடிக்குக் கொடியிலேயே எதிர்ப்பு கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். குத்துச்செடியிலிருந்து எடுத்திருந்தால் கொடித்தன்மையை மீட்கவே பல பிற்கலப்பு (பழைய ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பது) போயிருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், இங்கே எல்லாரும் "எதிர்ப்பு ரகம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறீர்கள். பூசணத்தின் எந்த இனத்துக்கு எதிர்ப்பு? கொலராடோவில் இருப்பது இனம் 4. ஸ்பெயினில் இனம் 6. ஒன்றைத் தாங்குவது மற்றதைத் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் வயல் பூசணத்தை வைத்துச் சோதிக்காத ரகத்தைத் தந்தையாக எடுக்காதீர்கள்.

விதைப்பெட்டி:

மலைச்சரிவு சொல்வது சரி. இன்னொன்று, வாடியதெல்லாம் இதுவல்ல. தண்டின் உள்ளே பழுப்பு, வேரின் வெளிப்பக்கம் சுத்தம் என்றால் வாடல். ஆணிவேரில் வெளியே செங்கோடுகள் ஓடி, பிறகு பழுப்பாகி அழுகினால் அது ப்யூசேரியம் சொலானி என்ற வேறு பூசணத்தால் வரும் வேரழுகல். அதற்கு எதிர்ப்பு தனி, தந்தை ரகமும் தனி.

கேழ்வரகு:

கலப்பே தோற்றுவிட்டது என்று ஒருவர் காயை உரித்துக் காட்டினார். வெள்ளை விதைத் தாய், கறுப்பு விதைத் தந்தை. கலப்பில் கிடைத்த விதை வெள்ளை. "பாருங்கள், தன்மகரந்தம்தான் ஏறியிருக்கிறது" என்று குப்பைத்தொட்டிக்கு எடுத்துப் போகிறார்! விதைத்தோல் தாயின் சதை. தந்தை யாராக இருந்தாலும் அந்தக் காயில் தாயின் நிறம்தான். எப்1 செடியில் காய்க்கிற விதையெல்லாம் ஒரே நிறம், எப்2 செடிகளில் காய்க்கிற விதையில்தான் நிறம் செடிக்குச் செடி பிரியும்.

கலப்பு பிடித்ததா என்று அறிய விதையைப் பார்க்கக் கூடாது, நாற்றைப் பார்க்க வேண்டும். பச்சைத் தண்டு, வெள்ளைப் பூ உள்ளதைத் தாயாகவும் ஊதாத் தண்டு உள்ளதைத் தந்தையாகவும் வைத்தால், முளைத்த வாரத்திலேயே ஊதாத் தண்டு நாற்று எப்1, பச்சை நாற்று தன்மகரந்தம்.

மொட்டு விஷயம்: நாளை விரியும் மொட்டு, உப்பி, நிறம் எட்டிப்பார்க்கும் நிலை. கொடியிதழையும் சிறகிதழ்களையும் மெல்லிய இடுக்கியால் விலக்கினால் சுருண்ட படகிதழ் தெரியும். சிறகிதழை இடது பக்கம் கீழே அழுத்தினால் சூலகமுடி தானாக வெளியே நீட்டும். தந்தைப் பூவின் சூலகமுடியை மகரந்தத்தோடு கிள்ளி எடுத்து, இதன்மேல் கொக்கி போட்டதுபோல் மாட்டிவிடுங்கள். பத்து மகரந்தத்தாளையும் பிடுங்கி எடுக்கலாம், ஆனால் அதில் மொட்டு உதிர்வது அதிகம். பகலில் 30 டிகிரியைத் தாண்டினால் எப்படிச் செய்தாலும் உதிரும். அதே காம்பிலுள்ள மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிட மறக்காதீர்கள், முதலில் பிடித்த காய்கள் உணவை இழுத்துக்கொண்டு கலப்புக் காயை உதிர்த்துவிடும்.

கொத்தவரை:

கேழ்வரகு, எப்2 விதை நிறம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. பிற்கலப்பில் இருப்பவர்கள் அதனால்தான் சந்தை நிறம் வரவில்லை என்று ஒரு தலைமுறை முன்னதாகவே பதறுகிறார்கள்.

கரிசல்:

10-ஆம் குரோமோசோம் மார்க்கரை (எதிர்ப்பு மரபணு இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) நம்பிக் கெட்ட ஒரு கலப்பு. இனம் 4-க்கு எதிர்ப்பு தரும் பெரிய மரபணு இடம் அங்கே இருப்பது 2001-லேயே தெரிந்ததுதான், பெல்நெப் ஆர்ஆர்-1, ஏ55 என்ற இரு ரகங்களின் கலப்பு வழித்தோன்றல்களில். டிஎன்ஏ-வை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில் மார்க்கர் பட்டை பளிச்சென்று, எல்லா நாற்றிலும். சந்தோஷம். சாகிற தாயின் டிஎன்ஏ-வை ஓரத்துக் குழியில் ஓட்டினால் அதிலும் அதே பட்டை! அந்தக் கலப்பில் மார்க்கருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. இரு பெற்றோரையும் முதல் இரண்டு குழியில் ஓட்டாத ஜெல்லை நான் படிப்பதே இல்லை.

கேட்கவில்லை என்றாலும் வயல் சோதனை போடுகிறவர்களுக்கு: பூசணம் நிலத்தில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பத்து வரிசைக்கு ஒரு சாகிற செக் போடுங்கள். பக்கத்து செக் உயிரோடிருந்தால் அந்த வரிசைகளுக்கு மதிப்பெண் கிடையாது. வேர்முடிச்சு நூற்புழு இருக்கிற நிலமென்றால் எதிர்ப்பு ரகமும் வாடும், வேரைப் பிடுங்கி முடிச்சு இருக்கிறதா பார்த்துவிட்டுப் பழி சொல்லுங்கள். அமில மண்ணும் அம்மோனிய உரமும் நோயைக் கூட்டும், சுண்ணாம்பும் நைட்ரேட்டும் குறைக்கும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பீன்ஸ் வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம், அங்கே மண் இயல்பிலேயே புளிப்பு. ஆனால் சோதனை வயலுக்குச் சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள். நோயைக் குறைத்துவிட்டு எதிர்ப்பைத் தேடுவதில் அர்த்தமில்லை.

தும்பைப்பூ:

பிற்கலப்பில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முக்கிப் பிழைத்த பிசி1 (முதல் பிற்கலப்பு) நாற்றுகள் நோஞ்சானாக நிற்கின்றன. பூவே இரண்டு மூன்று. எதில் கலப்பது?

பசலைக்கீரை:

அவற்றில் கலக்காதீர்கள் தோழி. முக்காத பிசி1 செடிகள் பத்துப் பதினைந்தை நல்ல மண்ணில் வையுங்கள். எல்லாவற்றையும் தாய் ரகத்தோடு கலந்துவிடுங்கள், ஒவ்வொரு செடியிலும் சில காய்களைத் தன்மகரந்தத்துக்கும் விடுங்கள். அந்தத் தன்விதையில் செடிக்கு 17 நாற்று முக்கினால் எந்தச் செடி எதிர்ப்பு மரபணுவைச் சுமந்தது என்று தெரியும். பாதிச் செடிகள் சுமக்கும். மற்றவற்றின் கலப்பு உறையைத் தூக்கிப் போடுங்கள். பிசி3 வந்தால் தாயின் மரபு சராசரியாக 93.75 சதவீதம் திரும்பியிருக்கும்.

தும்பைப்பூ:

உறைகளில் செடி எண் எழுதாமல் கலப்பு எண் மட்டும் எழுதிவிட்டால்?

பசலைக்கீரை:

முதலிலிருந்து.