சப்-இன்டர்ஃபேஸில் வாய்ஸ் பாலிசி ஏறவில்லை

குன்னூர்ச் சாரல்:
குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபாக்டரிக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். கோவை ஆபீஸுக்கு 20 எம்பிபிஎஸ் லைன், வீலான் (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்) 100 டேக்கோடு வருகிறது. சிஸ்கோ ரூட்டரில் கிக் 0/1.100 என்று சப்-இன்டர்ஃபேஸ் (மெயின் போர்ட்டில் அந்த வீலானுக்கான உட்பிரிவு), டாட்1கியூ (வீலான் டேக் முறை) 100. ராத்திரி இலை வாட்டும் ஷெட்டின் கேமரா பதிவு கோவைக்குக் கிளம்பியதும் ஐபி போனில் பேச்சு துண்டு துண்டாகிறது. வாய்ஸுக்கு 'ப்ரையாரிட்டி' (முன்னுரிமை) கொடுத்து பாலிசி (எந்த ட்ராஃபிக் முதலில் போகும் என்ற விதி) எழுதினால் சப்-இன்டர்ஃபேஸ் ஏற்கவே மாட்டேன் என்கிறது. மெயின் போர்ட்டில் ஏறுகிறது, பலன்தான் இல்லை. ஏன்?

கோத்தகிரி கேபிள்:
தம்பி, போர்ட் 1 ஜிபிபிஎஸ். கேமரா எவ்வளவு தள்ளினாலும் அங்கே நெரிசல் வராது. க்யூவே நிற்காத இடத்தில் யாரை முன்னால் விடுவது? 20-ஐத் தாண்டியதும் பாக்கெட் விழுவது லைன் கொடுப்பவர் பக்கம். அங்கே போனும் கேமராவும் ஒன்றுதான். சப்-இன்டர்ஃபேஸுக்கோ தனி க்யூ கிடையாது, அதனால் மறுக்கிறது.

இரண்டு அடுக்காக எழுதுங்கள். பேரன்ட் (மேலடுக்கு) பாலிசியில் கிளாஸ்-டிஃபால்ட்டுக்கு (எல்லா ட்ராஃபிக்குக்கும்) 'ஷேப் ஆவரேஜ் 19000000', அதாவது 19 எம்பிபிஎஸ் வேகக் கட்டு, அதற்குள் 'சர்வீஸ்-பாலிசி' மூலம் உங்கள் பழைய பாலிசி. பேரன்ட்டை 0/1.100-இல் அவுட்புட்டாகப் போடுங்கள். அப்போது க்யூ உங்கள் ரூட்டரிலேயே நிற்கும், வாய்ஸை முன்னால் விடலாம். முழு 20 வைக்க வேண்டாம், ஹெட்டருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். ஜி.711 (குரலை டிஜிட்டலாக்கும் ஒரு முறை) அழைப்பு ஒன்றுக்கு சுமார் 90 கேபிபிஎஸ். பத்துப் பேர் பேசினாலும் 'ப்ரையாரிட்டி 1000' (கேபிபிஎஸ்) போதும்.

குன்னூர்ச் சாரல்:
ஏறிவிட்டது அண்ணே. ஆனால் 'ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்' பார்த்தால் வாய்ஸ் கிளாஸில் பாக்கெட் எண்ணிக்கை பூஜ்யம்.

கோத்தகிரி கேபிள்:
சுவிட்ச் சிஸ்கோ 2960-ஆ? 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' (முன்னுரிமை வசதி) ஆன் செய்து ட்ரஸ்ட் (வரும் குறியை நம்பு) சொல்லாமல் விட்டால், போன் போட்டனுப்பும் டிஎஸ்சிபி 46-ஐ (இது வாய்ஸ் என்று பாக்கெட்டில் இடும் குறி) அது 0 ஆக்கிவிடும். போன் போர்ட்டில் 'எம்எல்எஸ் க்யூஓஎஸ் ட்ரஸ்ட் டிஎஸ்சிபி' போடுங்கள். நடுவில் வேறு சுவிட்ச் இருந்தால் அதில் போன் பாக்கெட் உள்ளே வரும் போர்ட்டிலும்.

கொடை மேகம்:
சுவிட்சில் கை வைக்கும்போது இதையும் கேளுங்கள். ட்ரங்க்கில் (பல வீலான்கள் போகும் இணைப்பில்) புது வீலான் சேர்க்க 'அலவ்ட் வீலான் ஆட் 40' என்றே அடியுங்கள். 'ஆட்' விட்டுப்போனால் பழைய பட்டியல் போய் 40 மட்டும் மிஞ்சும், உங்கள் டெல்நெட்டும் (தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் இணைப்பு) அறுந்துவிடும். தூரத்திலிருந்து செய்தால் முதலில் 'ரீலோட் இன் 10' (பத்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட்) கொடுத்து, சேவ் செய்யாமல் வேலை பாருங்கள். அறுந்தாலும் பழைய கான்ஃபிக்கோடு எழும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்'. மழையில் பூம்பாறை வரை பைக்கில் போய் கன்சோல் கேபிள் செருகும் வேலை யாருக்கு வேண்டும்!

குன்னூர்ச் சாரல்:
ட்ரஸ்ட் போட்டதும் எண்ணிக்கை ஏறுகிறது. நைட் ஷிஃப்ட் டீமேக்கர் பேசிப் பார்த்தார், குரல் சுத்தம். கேமராவை 10 எம்பிபிஎஸ்ஸுக்கு 'போலீஸ்' (மீறும் பாக்கெட்டை வெட்டும் வரம்பு) போட்டு அடக்கலாமா?

கோத்தகிரி கேபிள்:
எதற்கு? லைன் காலியாகக் கிடக்கும்போதும் 10-இலேயே நிற்கும், மிச்சம் யாருக்கும் பயன்படாது. வாய்ஸ் போக இருப்பதைக் கேமரா எடுத்துக்கொள்ளட்டும்.