டெபியன் 12: ‘நார்மல்.மாட்’ ஃபைல் இல்லை என்று கிரப் ரெஸ்க்யூவில் நிற்கிறது, உதவுங்கள்

வியாசர்பாடியிலிருந்து கேள்வி:
எங்கள் தெரு டியூஷன் மையத்துக்கு வந்த பழைய டெஸ்க்டாப்பில் புது எஸ்எஸ்டி போட்டு டெபியன் 12 ஏற்றினேன். பழைய ஹார்டுடிஸ்க்கில் முன்பு வேறொரு லினக்ஸ் இருந்தது. அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்து, பாட வீடியோ வைக்க உள்ளேயே விட்டிருக்கிறேன். முதலில் நன்றாக ஓடியது. ராத்திரி கரண்ட் போய் வந்தபிறகு, ‘/பூட்/கிரப்/ஐ386-பிசி/நார்மல்.மாட்’ கிடைக்கவில்லை என்று ஒரு வரி, அதன் கீழே கிரப் ரெஸ்க்யூ (லினக்ஸை எழுப்பிவிடும் கிரப் புரோகிராம் பாதியில் நின்றால் வரும் திரை). லைவ் பென்டிரைவ் போட்டு எஸ்எஸ்டியைப் பார்த்தால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது, ஐ386-பிசி ஃபோல்டர்தான் இல்லை. வேறு கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்து போடலாமா? பத்தாவது பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது.

பெரம்பூர்:
காப்பி செய்யாதீங்க தம்பி. அந்த ஃபோல்டர் பெயரைக் கவனியுங்கள். ஐ386-பிசி என்பது பயாஸ் முறையில் (மதர்போர்டு கம்ப்யூட்டரை எழுப்பும் பழைய முறை) எழும் கிரப் தேடுவது. அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் ஏற்றியிருந்தால் எக்ஸ்86_64-ஈஎஃப்ஐ என்றுதான் இருக்கும். அது இருந்தால் எஸ்எஸ்டியில் எதுவும் தொலையவில்லை. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தாலும் ஹார்டுடிஸ்க்கின் முதல் செக்டரில் உள்ள பழைய கிரப் போகாது. அதுதான் எழுந்து, இல்லாத ஃபைலைத் தேடுகிறது. ஹார்டுடிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பயாஸ் செட்டிங் திரையில் தேதியையும் பாருங்கள்.

வியாசர்பாடி:
ஈஎஃப்ஐ ஃபோல்டர் இருக்கிறது அண்ணா. கேபிளைக் கழற்றினால் பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்கிறது. தேதி 2012 காட்டுகிறது, பூட் மோடு லெகசி.

பெரம்பூர்:
சரி, மதர்போர்டு செல் தீர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் செட்டிங் எல்லாம் பழையபடி ஆகி, பூட் மோடும் லெகசிக்கு, அதாவது பழைய பயாஸ் முறைக்கு, போய்விட்டது. சிஆர்2032 செல், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றிவிட்டு யூஇஎஃப்ஐ வையுங்கள்.

தண்டையார்பேட்டை:
அப்புறமும் பூட் பட்டியலில் டெபியன் வராவிட்டால், மறுபடி முழுசாக ஏற்ற வேண்டாம். இன்ஸ்டால் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து ரெஸ்க்யூ மோடு போங்கள். ரிமூவபிள் மீடியா பாதையில் கிரப்பைக் கட்டாயமாக நிறுவும் தேர்வு அங்கே உண்டு. அது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் (யூஇஎஃப்ஐ பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி) ‘பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’ என்ற பெயரிலும் ஒரு பிரதி வைக்கும். பட்டியல் அழிந்தாலும் மதர்போர்டு அதைத் தானே தேடி எடுக்கும்.

வியாசர்பாடி:
செல் மாற்றி யூஇஎஃப்ஐ வைத்தும் பட்டியலில் வரவில்லை. ரெஸ்க்யூ மோடில் அதைச் செய்ததும் டெபியன் வந்துவிட்டது! ரொம்ப நன்றி அண்ணா. ஹார்டுடிஸ்க்கில் இருக்கும் பழைய கிரப்பை அழித்துவிடவா?

பெரம்பூர்:
வேண்டாம். அதே செக்டரில்தான் பார்ட்டிஷன் அட்டவணையும் இருக்கிறது. கிரப் இருக்கும் முதல் 446 பைட்டைத் தாண்டிக் கை வைத்தால் வீடியோவெல்லாம் போச்சு. கேபிளை மாட்டி, பூட் வரிசையில் எஸ்எஸ்டியை மேலே வையுங்கள், போதும்.